மாம்பொங் ஏற்றத்தில் உருகிய பிஸ்டன்

லாரி மாம்பொங் ஏற்றத்தில் நின்றுபோன செய்தி டூஃபியேயின் காதுக்கு வருவதற்குள் பழி வந்து சேர்ந்துவிட்டது.

"அக்கா, உன் டிரைவர் எஞ்சினைக் கொன்னுட்டான்" என்றான் ஃபிட்டர் அம்பொன்செம், போனில். டிரைவர் இசாக்கா உதவிக்கு முதலில் கூப்பிட்டது அவனைத்தான். "டர்போ வண்டிய எப்படி ஓட்டணும்னே அவனுக்குத் தெரியல. மேட்டுல பேய் மாதிரி மிதிச்சிருக்கான்."

எஜூராவிலிருந்து குமாசி நகரச் சந்தைக்குப் பெருவள்ளிக்கிழங்கு ஏற்றி வருவதுதான் டூஃபியேயின் பிழைப்பு. பழைய எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பாரத்தோடு லாரி வழியிலுள்ள அந்த ஏற்றத்தில் நத்தையாக ஊரும். அது சந்தைக்குள் நுழையும்போது மற்றவர்கள் விற்றுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். அதனால்தான் டர்போ மாட்ட முடிவு செய்தாள். சுவாமே மேகசின் என்ற வண்டிப் பட்டறைப் பேட்டையில் ஆயிரம் பட்டறை இருந்தும் அவள் அம்பொன்செம்மைத் தேடிப் போனதற்குக் காரணம், அவன் முதல் நாளே பேசிய பேச்சு.

"டர்போவ மட்டும் மாட்டுறவன் திருடன், அக்கா. காத்து கூடுனா டீசல் கூடும், டீசல் கூடுனா சூடு கூடும். அந்தச் சூட்டப் பழைய பிஸ்டன் தாங்காது. தனி பிஸ்டன் வேணும். அடியிலேருந்து அதுமேல எண்ணெய் பீச்ச ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழாய் வேணும். பம்ப், கேஸ்கெட், எல்லாம் ஒரே எஞ்சினோட ஜோடியா இருக்கணும்."

டாங்குவாவின் உதிரிபாகக் கடைக்கு அவளும் கூடப் போனாள். கொக்கு மூக்குபோல் வளைந்த அந்தச் சின்னக் குழாய்களைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிஸ்டன்கள் மசகுத் தாளில் சுற்றிக் கிடந்தன. பார்த்துக்கொள்ள ஃபிட்டர் இருக்கிறானே என்று அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

இப்போது லாரியை இழுத்துக் கொண்டுவந்து அதே பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஒருபக்கக் கதவு நசுங்கியிருந்தது. எஞ்சின் அடங்கி, வண்டி பின்னுக்கு உருள ஆரம்பித்தபோது பிரேக் தாங்கவில்லை. பின்னால் ஆள் நிரம்பிய ஒரு ட்ரோட்ரோ வேன். இசாக்கா ஸ்டியரிங்கை ஒடித்து மலைச்சரிவில் மோதித்தான் நிறுத்தியிருந்தான். அவன் நெற்றியில் பிளாஸ்திரி.

"நெசமாவே ரொம்ப மிதிச்சியா, இசாக்கா?" என்று கேட்டாள்.

"இத்தனை வருஷத்துல உங்க வண்டில ஒரு கிளட்ச் பிளேட்டுகூட நான் எரிச்சதில்லம்மா. இப்ப இதக் கேக்குறீங்க. சரி, கேட்டாச்சு. என் கண்ணு முன்னாடி எஞ்சினப் பிரிக்கச் சொல்லுங்க."

"பிரிச்சு என்ன ஆகப்போவுது?" என்று குறுக்கே வந்தான் அம்பொன்செம். "செத்தது செத்ததுதான். வேற எஞ்சின் பாக்கலாம், அக்கா."

அந்த அவசரம்தான் டூஃபியேயை உறுத்தியது. பட்டறைச் சங்கத் தலைவரை ஆள் அனுப்பி வரவழைத்தாள். "இப்பவே பிரி" என்றாள்.

மூடியைத் தூக்கியதும் ஒரு பிஸ்டனின் தலை மெழுகுபோல் உருகி ஓட்டை விழுந்திருந்தது தெரிந்தது. அடித்தட்டையும் கழற்றினார்கள். இசாக்கா அடியில் நுழைந்து பார்த்தவன், "அம்மா, நீங்களே வந்து பாருங்க" என்றான்.

அவள் அட்டையை விரித்து, புதுத் துணியோடு மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தாள். கொக்கு மூக்கு ஒன்றுகூட இல்லை. குழாய் இருக்கவேண்டிய துளைகளில் எல்லாம் பழைய போல்ட்டுகள் இறுக முறுக்கிக் கிடந்தன.

வெளியே வந்தவள் முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. "என் குழாய் எங்கடா?"

அம்பொன்செம் கைத்துணியைப் பிசைந்தான். "அக்கா... டாங்குவா குடுத்தது சாதா எஞ்சின் பிஸ்டன். குழாய்க்கு எடம் விடுற வெட்டு அதுக்கு அடியில கிடையாது. குழாய வெச்சா பிஸ்டன் வந்து இடிக்கும். அளவு என்னவோ ஒண்ணுதான். கச்சிதமா உக்காந்துச்சு. அதான்..."

"உக்காந்துச்சா! திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"அவன்தான் எனக்கு வேலை அனுப்புறவன். மொகத்த முறிச்சுக்க முடியல."

"அவன் மொகம் முறியக் கூடாது. ட்ரோட்ரோல இருந்தவங்க கழுத்து முறியலாம், இல்ல?" அவள் குரலுக்குப் பக்கத்துப் பட்டறைச் சுத்தியல்கள் நின்றுபோயின. "தெரியாம செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். எனக்குப் பாடம் சொன்னவனே நீதானடா! தெரிஞ்சே போல்ட்ட முறுக்கிட்டு, அந்த மனுஷன் தலையில பழிய வேற கட்டுனியே. நானும் நம்பிக் கேட்டேனே!"

தலைவர் தீர்ப்புச் சொன்னார். டாங்குவா சரியான பாகங்களைத் தரவேண்டும், அம்பொன்செம் கூலி வாங்காமல் பூட்டித் தரவேண்டும். நல்ல தீர்ப்பு என்று கூட்டம் தலையாட்டியது.

"டாங்குவா பாகத்துக்கு ஆன காசத் தரட்டும். இவன் கை மறுபடி என் எஞ்சின்ல படக்கூடாது" என்றாள் டூஃபியே. அன்றே லாரியை வேறு பட்டறைக்கு இழுத்துப் போனாள்.

இம்முறை வேறு கடையில் இசாக்காவும் அவளும் சேர்ந்தே உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் கவிழ்த்து, அடிவெட்டில் குழாயைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் ஓரமாக எடுத்து வைத்தாள். கடைக்காரர் சலித்துக்கொண்டார்: "மேடம், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா?"

"கல்யாணம் தப்பாப் போனா அம்மா வீட்டுக்குத் திரும்பிடலாம், அண்ணே" என்றான் இசாக்கா. "இது தப்பாப் போனா பள்ளத்துக்குத்தான் போகணும்."

புதுப்பித்த எஞ்சின் ஏற்றத்தை முனகாமல் ஏறியது. டூஃபியேவுக்கோ ஆத்திரம் ஆறவில்லை. சந்தையில் கண்ட லாரிக்காரர்களிடமெல்லாம் இரண்டு பேரின் பெயரையும் சொல்லித் தீர்த்தாள். அவள் பேச்சை எரிச்சலோடு கேட்டவர்களும் உண்டு. அடுத்த வாரமே அம்பொன்செம்மிடம் வண்டியை விட்டவர்களும் உண்டு.

ஒருநாள் லாரியில் கூட வந்தவள், மேட்டு உச்சியில் இசாக்கா வண்டியை நிறுத்தியபோது, "அன்னிக்கு உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

இசாக்கா கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா கேட்டுட்டீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, இறக்கத்துக்குக் கியரை மாற்றினான்.