அரை மணி நேரம் சும்மா

தையல்காரிக்கு மாதவிலக்கு வந்தால் பத்து நாளுக்குக் குறையாது. விரலில் ஊசி குத்தினாலும் தைக்கிற துணி நனைந்த பிறகுதான் ரத்தம் நிற்கும். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க வாகே இதுதான்," என்று அம்மா சொல்லிச் சொல்லி, அவளும் அதை அம்மாவின் சப்பை மூக்கோடு சேர்ந்து வந்த சொத்தாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் குழந்தையில்லை. இந்த நேரம் பார்த்து, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார் ஒரு டாக்டர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ரத்த நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பஸ்ஸை விட்டுட்டு ஓடி வந்தோம். மாடிப்படி வேற. வழி பூரா அம்மாகிட்ட திட்டு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதம் சிலருக்கு வழிவழியாக, பிறவியிலேயே குறைவாம். ஓடினாலோ பயந்தாலோ அது கொஞ்ச நேரத்துக்கு எகிறிவிடுமாம், அப்போது பார்த்தால் குறையே தெரியாதாம். "அடுத்த தடவை அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. அப்புறம் எடுப்போம்."

சும்மா உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! மறுமுறை அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ரத்தம் உண்மையைக் கக்கிவிட்டது. அந்தப் புரதம் இருக்க வேண்டியதில் கால்வாசிதான் இருந்தது.

"கர்ப்பப்பை மேல ஒரு குத்தமும் இல்ல," என்றார் டாக்டரம்மா. அந்த நாட்களுக்கு மாத்திரை. பல் பிடுங்குவதானாலும் பிரசவமானாலும் முன்கூட்டியே சொன்னால் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம்.

"அப்போ குழந்தை பெத்துக்கலாமா?"

"தாராளமா."

தையல்காரி சந்தோஷத்தில் அழுதுகொண்டே வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாய் ஓயாத அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வழிவழியா வர்றதுன்னா, எனக்கும் அதுதானோ?"

"இருக்கலாம்னாங்க."

தையல்காரி பிறந்த மறு வருஷமே, நிற்காத உதிரத்துக்காக அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மாவின் கை அடிவயிற்றுத் தழும்புக்குப் போனது.

"எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு."

"இனிமே தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. உனக்கு ஒரு தம்பி இருந்திருப்பானான்னு தெரிஞ்சுக்கணும்டி."

அம்மா உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை.