பேட்டரிப் பெட்டியின் சாவி

“அந்தச் சாவிய ஸ்டாண்டுல குடுத்துடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், பேட்டரிப் பெட்டியின் சாவியை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ரூஹியிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

மேலாளர் சாய்நாத் நாற்காலியில் சாய்ந்தார். புகையும் குறையும், எல்லாம் போனிலேயே முடியும் என்று மயிலாப்பூர் குளத்தோர ஆட்டோ ஸ்டாண்டையே மின் ஆட்டோவுக்கு மாற்றியது அவர்களுடைய நிறுவனம். திட்டம் நல்ல திட்டம்தான். ஓட்டுநர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவளே ரூஹி. அங்கே ஆட்டோ ஓட்டும் குல்சுமின் மகள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அவள் வாய்ச்சொல்லை நம்பித்தான் மாறினார்கள்.

சார்ஜ் தீர்ந்தால் ஸ்டாண்டிலிருக்கும் இரும்புப் பெட்டியிடம் போனைக் காட்ட வேண்டும். கதவு திறக்கும், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். போன மழையில் நெட் செத்தது, கதவு திறக்கவில்லை; கையால் திறக்கும் சாவியோ அலுவலகத்தில். உள்ளே சார்ஜ் ஏறிய பேட்டரிகள், வெளியே ஓடாத ஆட்டோக்கள். அவள் அம்மி குல்சும் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

“முன்ன ஸ்டாண்டுல பொதுவா ஒரு பெட்ரோல் கேன் இருக்கும் சார். யார் வண்டி நின்னாலும் ஊத்திக்குவாங்க, மறுநாள் ரொப்பி வெச்சுடுவாங்க. புயல்லயும் ஸ்டாண்டு ஓடிச்சு. அந்தக் கேனைத் தூக்கிப் போடச் சொன்னது நாமதான?”

“பேட்டரி காணாமப் போனா?”

“இன்னா சார், எங்கம்மிய திருடின்றீங்களா?”

“வார்த்தைய விடாதம்மா. எது எங்க போகுதுன்னு சிஸ்டத்துல பதிவாகணும். கையில சாவி குடுத்துட்டா அப்புறம் என்ன டிஜிட்டல்?”

“உங்க வீட்டுக் கதவும் நெட்டு இருந்தாதான் தொறக்குமா சார்?”

சாய்நாத் குரலைத் தணித்தார். “வெள்ளிக்கிழமை கம்பெனி விழா மேடையில உன்னைத்தான் ஏத்தறோம். ஆட்டோக்காரம்மா பொண்ணு, இன்ஜினியர். கெடுத்துக்காதே. சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் ஆப்ல ‘சம்மதம்’ அமுக்க வை. அவங்க அமுக்கினாதான் அடுத்த வருஷமும் திட்டம் ஓடும். சாவிய அப்புறம் பாப்போம்.”

“அப்புறம்னா? மழை வந்தப்புறமா?”

சன்னலுக்கு வெளியே அபிராமபுரத்து மரங்களுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

சாய்நாத்துக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காலையிலேயே அவள் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். சாவி வருகிறவரை ஒருத்தரும் சம்மதம் அமுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

“மாறச் சொன்னதும் நீ, அமுக்காதன்றதும் நீ. இன்னாம்மா படிச்சே?” என்று ஓட்டுநர் பீர் முஹம்மது கிண்டலடித்தார்.

“இதுக்குத்தான் சாச்சா படிச்சேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். முதலில் போட்டவள் குல்சும்.

இப்போது சாய்நாத்தின் முன்னால் ரூஹி எழுந்தாள்.

“சம்மதம் வராது சார். சாவி வந்தா வரும்.”

“வேலை போயிடும்மா.”

“நானா விடமாட்டேன். தூக்கணும்னா நீங்க தூக்குங்க.”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, குளத்தை நோக்கி நடந்தாள்.