பரீட்சைக்கு வராத பாடம்

ஸ்ரீதர் துணி துவைக்கும் கல்லில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். முன்வாசலில் பறை காதைப் பிளந்ததால் அந்தச் சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு வந்த தங்கை கலைமதிக்கு மட்டும் கேட்டது.

"ரகுபதி ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு லாட்ஜுல பூந்துகினு கீறான். ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சு. அப்பாவை எடுக்கறதுக்குள்ள அவன் கதைய முடிச்சிட்டு வந்துடறேன்" என்றான், ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி நிதானமாக. அவள் நிறைத்த குடத்தை இறக்கி வைத்தாள்.

ரகுபதி அவர்களுக்குச் சித்தப்பா முறை. சேரப்பணஞ்சேரிப் பக்கம் மனை போட ஆட்கள் வர ஆரம்பித்ததிலிருந்து பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நேற்றுக் காலை நிலத்தை அளக்கும்போது வரப்பு யாருடையது என்று வாய் தடித்து, கைகலப்பாகி, ரகுபதி மண்வெட்டிக் காம்பால் அப்பா தசரதனின் காதுக்கு மேலே ஓங்கி ஒரு போடு போட்டான்.

தசரதன் சுருண்டு விழுந்தார். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ரகுபதியின் பரம்பரையையே வைதபடி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்யா" என்று அவர் மனைவி செங்கமலம் கெஞ்சினாள்.

"வூட்லயே டாக்டரை வச்சிகினு நான் இன்னாத்துக்கு எவன்கிட்டயோ போய் நிக்கணும்? கலை, நீ பாரும்மா."

கலைமதி மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். நோயாளியைப் படிப்படியாகச் சோதித்துக் காட்டும் கிளினிக்கல் பரீட்சைக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். நாடி பிடித்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வயிற்றை அமுக்கிக் கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். மண்டையில் அடிபட்டவருக்குக் கல்லீரலைத் தடவிய புண்ணியவதி அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒரு படியை விட்டாலும் மார்க் போய்விடும் என்று பழகிய கை அது. தசரதன் பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்.

பிறகு தலைவலி என்றார். ஒரு தடவை வாந்தி எடுத்தார். தூக்கம் வருகிறது என்றார்.

"அதிர்ச்சிதாம்மா. நல்லா தூங்கட்டும், எழுப்பாத" என்றாள் கலைமதி. அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும் நிம்மதியாகப் புத்தகத்தை விரித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் குறட்டை நின்றது.

இன்று காலை பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர், அவளும் படிக்கிறவள் என்று தெரிந்து தனியாகக் கூப்பிட்டார்.

"மண்டை ஓட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கும்மா. அடிபட்டப்புறம் எழுந்து நல்லா பேசினாரா?"

"பேசினாரு சார்."

"அப்போ காப்பாத்த நேரம் இருந்திருக்கே. யாரும் கூட்டிட்டு வரலையா?"

சென்னைப் புத்தகக் கடைதான் அவள் நினைவுக்கு வந்தது. போன மாதம் புத்தகம் வாங்கச் சென்னைக்கு அப்பாவும் கூட வந்திருந்தார். கடையில் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைத் தூக்கி, "குண்டா கீறதை எடும்மா, எல்லாம் இருக்கும்" என்றார். அவள் மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சீனியர்கள் சொன்னது அதைத்தான். பரீட்சைக்கு வார்டில் நெடுநாளாகப் படுத்திருப்பவர்களைத்தான் காட்டுவார்கள்: கழுத்துக் கட்டி, ஆறாத புண், இப்படி. மண்டை உடைந்தவன் பரீட்சை வரைக்கும் காத்திருக்க மாட்டான். பிழைத்து வீட்டுக்குப் போய்விடுவான், இல்லையென்றால் செத்துப்போய்விடுவான். எப்போதோ தியரியில் படித்ததும் அதனாலேயே மறந்து தொலைந்தது.

"இந்தக் குண்டு புக்ல அப்படி இன்னாதான் கீது?" என்று அன்றைக்குக் கடையில் அப்பா கேட்டார்.

"அடிபட்டது, மண்டை உடைஞ்சது எல்லாம். பரீட்சைக்கு வராதுப்பா."

கிணற்றடியில் ஸ்ரீதர் அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தான். கலைமதி குறுக்கே போய் நின்றாள்.

"வழிய வுடு கலை."

"அண்ணா, அப்பா அந்த அடியோட செத்திருக்க வேணாம்."

"இன்னா ஒளர்ற?"

"அம்மா கூப்பிட்டப்பவே போயிருந்தா மண்டையில ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்திருப்பாங்க. பொழைச்சிருப்பாரு. நான்தான் தூங்கட்டும்னு சொன்னேன். அது குறட்டை இல்லண்ணா. உயிர் போய்க்கினு இருந்துச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து படிச்சிகினு இருந்தேன்."

"அவனைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற."

"அந்த டாக்டரைப் போய்க் கேளு. அவனை வெட்டறதா இருந்தா மொதல்ல என்னை வெட்டிட்டுப் போ."

அறை காதோடு விழுந்தது. துண்டு நழுவி அரிவாள் கல்லில் விழுந்தது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்துக் கிணற்றுச் சுவரில் மோதினான். "படிக்கிறாளாம்! படிக்கிறாளாம்!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினான். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடி விழ விழ, இவன் இங்கேதான் இருக்கிறான், லாட்ஜுக்குப் போகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

செங்கமலம் எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. குனிந்து அரிவாளை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டாள்.

"கொள்ளி வைக்க அந்த மனுஷனுக்குப் புள்ள வேணும். வாசலுக்குப் போடா."

மகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரத்தம் ஒழுகும் வாயோடு கலைமதி வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "பாருங்கடி, அப்பனுக்காகச் சொவுத்துல முட்டிகினு கீது பொண்ணு!" பெண்கள் பெருங்குரலெடுத்து அழுதார்கள்.

ஸ்ரீதரை மொட்டையடிக்க உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர் தடவியதும் அவனுக்கு உடம்பு முழுக்க உதறியது. நாவிதர் கத்தியை விலக்கிக்கொண்டார்.

"ஆடாத தம்பி, கிழிச்சிடப் போவுது. யாராவது தலையைப் புடிங்கப்பா."

ஆண்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாப்பம்மாளை விலக்கிவிட்டுக் கலைமதி போனாள். பின்னால் மண்டியிட்டு, காதுகளுக்கு மேலே இரண்டு கைகளாலும் அண்ணனின் தலையைப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளைத் தட்டிவிடவும் இல்லை. கத்தி மெதுவாக இறங்கியது. ஈர முடி அவள் விரல்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.