ஏழு சேவல்களும் வேலம்மாவின் எடையும்

தொண்ணூற்றி நாலாம் வருஷம் ஆடி மாசம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் தங்கவேல் வளர்த்த சேவல் ஒன்று முட்டை போட்டது. அடுத்த எட்டு நாளில் மற்ற ஆறு சேவல்களும் போட்டன. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. இந்தக் காலத்தில் எவன் தன் வேலையை மட்டும் செய்கிறான்? பால்காரன் தண்ணீர் விற்கிறான். தண்ணீர் லாரிக்காரன் சேறு விற்கிறான். தெருவிளக்குக்காரன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுவிட்டு இருட்டியதும் வந்து அணைக்கிறான். ரேஷன் கடைக்காரனைக் கேட்டால் அரிசியைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறான். இத்தனை பேர் இப்படி இருக்க, சேவல் மட்டும் ஒழுங்காகக் கூவிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று யார் போய்ச் சொல்வது?

தங்கவேலுக்கு அப்போது அறுபத்தெட்டு வயசு. மூன்றாங்கிளாஸோடு சரி. நாற்பது வருஷம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தூக்குகிறவனுக்குத்தான் மூட்டையின் உள் விஷயம் தெரியும். மேலே நல்ல கத்தரிக்காய், நடுவில் சொத்தை. மிளகில் பப்பாளி விதை. முட்டைக் கடைக்குப் பின்னால் ஒரு அண்டாவில் டீத்தண்ணீர் கொதிக்கும். பண்ணையிலிருந்து வரும் வெள்ளை முட்டைகளை அதில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கி, நாட்டுக்கோழி முட்டை என்று விற்பார்கள். அந்த அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்ததே தங்கவேல்தான். அதற்கப்புறம் கடை முட்டையை அவர் தொட்டதில்லை, பெண்டாட்டியைத் தொடவிட்டதுமில்லை.

பெண்டாட்டி வேலம்மா, மேற்கு மாம்பலத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீர் குடிசைக்குள் வந்து மூன்று நாள் நின்றது. தண்ணீர் வடிந்தது, அவளுக்கு வந்த இருமல் வடியவில்லை. தை மாசம் கிளினிக்கில் காசநோய் என்று சொல்லி, சிவப்பு மாத்திரை கொடுத்து, மிஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். முப்பத்தாறு கிலோ. டாக்டரம்மா தங்கவேலைப் பார்த்துத்தான் பேசினாள். மாத்திரை ஒரு நாள்கூட விடக்கூடாது, தினம் ஒரு முட்டை தரவேண்டும், எடை முப்பத்து மூன்றுக்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பதைத் தவிர வழியில்லை என்றாள். அவர்கள் தெருவிலிருந்து அப்படிப் படுக்கப் போன மூன்று பேரில் ஒருத்தர்தான் திரும்பி வந்திருந்தார்.

கடை முட்டையை நம்ப முடியாது. ஆகவே தானே கோழி வளர்த்து, தன் கண்ணெதிரே போட்ட முட்டையை அவளுக்குத் தருவது என்று தங்கவேல் முடிவு செய்தார். கோழி வளர்த்துப் பழக்கமில்லை. அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவன் சைக்கிளில் பெரிய மூங்கில் கூடை கட்டி, கலர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டு நின்றான். ரோஸ், பச்சை, நீலம், மஞ்சள் என்று ஹோலிப் பண்டிகை போலக் கூடை நிறையக் கத்திக்கொண்டிருந்தன. எதையும் நம்பாத தங்கவேல் இதை நம்பினார். அதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஏமாற்றுகிறவன் பொய்யை நிஜம் மாதிரி ஆக்குவான். இவன் கோழிக்குஞ்சுக்குப் பச்சை அடித்திருக்கிறான், பச்சைக் கோழி கிடையாது என்று ஊருக்கே தெரியும், ஆகவே இவன் எதையும் மறைக்கவில்லை.

"அல்லாம் பெட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

"பெட்டதான் நைனா. சேவல வச்சிகினு நீ இன்னா பண்ணப்போற?" என்றான் அவன்.

பதினாறு குஞ்சு வாங்கினார். முட்டைக்கோழிப் பண்ணைகளில் பொரிக்கும் குஞ்சுகளில் பெட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆணெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள்; அந்த ஆண் குஞ்சுகளுக்குத்தான் சாயம் ஏற்றித் தெருவில் விற்கிறார்கள் என்பது மெட்ராஸில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். தங்கவேல் மார்க்கெட்டில் எல்லா மூட்டையையும் தூக்கியிருக்கிறார், கோழிக்கூடை மட்டும் தூக்கியதில்லை.

வளர்ப்பது சுலபமாக இல்லை. அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். கரண்டு போன அன்றைக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்ததில் அடியில் இருந்த மூன்று செத்தன. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும் என்று தெரியாமல் இரண்டு மூழ்கின. ஒன்றைக் காக்கா கொத்திப்போனது. ஒன்றைப் பெருச்சாளி மண்ணுக்குள்ளேயே இழுத்துப்போனது. கால்நடை ஆஸ்பத்திரியில், கழுத்து திருகும் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். கண்ணில் விட்ட மருந்து கழுத்து நோயை எப்படித் தடுக்கும் என்று இவர் சண்டை போட்டுவிட்டு வந்தார். இரண்டு குஞ்சு கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்த பிறகு, மீதி ஏழையும் பையில் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நொய் போடு என்றான் ஒருத்தன், கம்பு போடு என்றான் இன்னொருத்தன், மஞ்சள் தண்ணீர் வை என்றாள் ஒருத்தி. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தப்பு என்றார்கள். யாரோ ராவோடு ராவாகக் குஞ்சை மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், ஒவ்வொன்றின் காலிலும் அதனதன் சாய நிறத்தில் துணி கட்டி வைத்தார்.

பங்குனியில் சாயம் போய் வெள்ளைச் சிறகு முளைத்தது. கொண்டை சிவந்து தடித்தது. நல்ல ரத்தம் ஊறுகிறது என்று தங்கவேல் சந்தோஷப்பட்டார். சித்திரை மாசம் ஒரு விடியற்காலையில் ஏழும் வரிசையாக நின்று கூவின. தெருவே எழுந்தது. அன்று வேலம்மாவின் எடை முப்பத்து நாலரை.

மார்க்கெட்டில் கோழிக்கடை வைத்திருந்த வலியுல்லாவைக் கூட்டிவந்து காட்டினார். வலியுல்லா ஒன்றைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"இன்னா நைனா, ஏழும் சேவலு. பிரியாணிக்கு வளத்தியா?"

"அவன் பெட்டைன்னு சொன்னான் பாய்."

"சொல்லத்தான் சொல்லுவான். நீ எத்தினி வருசமா மார்க்கெட்ல கீற?"

இந்தக் கேள்விதான் தங்கவேலைச் சுட்டது. அந்த சைக்கிள்காரனைத் தேடி பஸ் ஸ்டாண்டிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து பனகல் பார்க் வரை, இன்னொரு நாள் திருவான்மியூர் கோயில் வாசல் வரை நடந்தார். கலர்க்குஞ்சு விற்கிறவர்கள் நாலு பேர் கிடைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை. நாலு பேரும் தங்களிடம் இருப்பது சுத்தமான பெட்டை என்று சத்தியம் செய்தார்கள். திரும்பி வந்தால் அடுத்த வீட்டு ஆட்டோக்காரன் டில்லிபாபு வாசலில் உட்கார்ந்திருப்பான். "பெர்சு, சேவலுக்குத் தாலி கட்டிப் பாரேன், முட்டை போட்டாலும் போடும்" என்பான். வேலம்மா பாயில் படுத்தபடியே, கடை முட்டையாவது வாங்கிக் கொடு, டீத்தண்ணியோ சாக்கடைத் தண்ணியோ தோலில்தானே இருக்கிறது, நான் தோலையா தின்னப்போகிறேன் என்று கேட்டாள். அவர் வேர்க்கடலையைத் தானே உரித்து, தானே வறுத்து அவளுக்குக் கொடுத்தார். அதில் பாதியை அவள் சேவல்களுக்குப் போட்டாள்.

ஆடியில் அலுத்துப்போய், ஏழையும் வலியுல்லாவிடம் தள்ளிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அன்று காலை ஒன்பது மணிக்கு, ரோஸ் துணி கட்டிய சேவல் உடைந்த கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. தங்கவேல் சாக்கு எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் எழுந்து நின்று ஒரு முறை கூவியது. கூடையில் முட்டை இருந்தது. தோல் வெளிர் ரோஸ். மறுநாள் பச்சைத் துணிக்காரன் பச்சை முட்டை போட்டான், அதற்கடுத்த நாள் நீலம் நீலத்தைப் போட்டது. சிறகிலிருந்து போன சாயம் எங்கே போனது என்று தெருவுக்குத் தெரிந்துபோனது, அதோடு அந்த விஷயம் முடிந்தது. சேவல் கூவினால் முட்டை என்று பெண்கள் பழகிக்கொண்டார்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் ஒரு நாள் வந்து நோட்டைத் திறந்து, சேவல் ஏழு, முட்டையிடுகின்றன, ஆரோக்கியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

தங்கவேல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. டில்லிபாபு வேலை என்றார். எவனோ முட்டையில் சாயம் அடித்துக் கொண்டுவந்து வைக்கிறான் என்றார். சேவல்களைக் கூண்டில் அடைத்து, திண்டுக்கல் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பூட்டிய கூண்டுக்குள் முட்டை இருந்தது. சுற்றிலும் சாம்பலைத் தூவி வைத்தார். சாம்பலில் கோழிக்கால் தடத்தைத் தவிர வேறில்லை. ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். மஞ்சள் கரு மஞ்சளாக, வெள்ளைக் கரு வெள்ளையாக இருந்தது. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது அவருக்கு. முட்டைகளையெல்லாம் உமிப் பானையில் போட்டு மேலே பரணில் ஏற்றி வைத்தார். சேவல் போட்ட முட்டைக்குள் என்ன விஷம் இருக்குமோ, நோய்க்காரிக்கு அதைக் கொடுத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். ஆவணி பிறந்தபோது பானையில் இருபத்தாறு முட்டை இருந்தது. கிளினிக் மிஷினில் முள் முப்பத்து மூன்றைத் தொட்டு ஆடியது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுவேன் என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் வேலம்மா முக்காலியைப் போட்டுப் பரணுக்கு ஏறினாள். இரண்டு தரம் இருமி, இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பானையோடு இறங்கினாள். பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

"இன்னாமே பண்ற? உள்ள இன்னா கீதோ."

"உள்ள முட்ட கீது."

"சேவலு போட்டது மே அது."

"எது போட்டா இன்னா? ஆறு மாசமா நீ ஒண்ணும் போடல."

தங்கவேல் உமிப் பானையைப் பிடுங்கப் போனார். அவள் ஒரு கையால் அதை மடியோடு அணைத்துக்கொண்டாள். "யோவ், நீ நம்பி அப்பால நான் பொழைக்கணும்னா, கல்யாணத்தன்னிக்கே செத்திருக்கணும். அன்னிக்கும் நீ பொண்ண மாத்திட்டாங்கன்னுதான சொன்ன. தள்ளு." தோலை உரித்து, உப்பு தொட்டு, அவர் பார்க்கப் பார்க்க இரண்டையும் தின்றாள். தங்கவேல் அன்று முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவள் இன்னொன்று கேட்டாள்.

அடுத்த வாரம் முப்பத்து நாலு. டாக்டரம்மா சீட்டு எழுதவில்லை, மாத்திரையை மட்டும் இரண்டு மாசம் நீட்டினாள். புரட்டாசியில் முப்பத்தேழு. கிளினிக் மிஷினில் முள் தளர்ந்துவிட்டது என்று தங்கவேல் நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போனார். வேலம்மாவை மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், லைட் சுற்றுகிற மிஷினில் காசு போட்டு ஏற்றினார். வந்த அட்டையில் முப்பத்தெட்டு என்று இருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சினிமா நடிகர் படம் போட்டிருந்தது. "இவன் மூஞ்சிய பின்னாடி போட்டவன் முன்னாடி உண்மையா எழுதுவானா?" என்று கேட்டு அட்டையைத் தண்டவாளத்தில் எறிந்தார். தீபாவளிக்குள் அவள் நாற்பத்தொன்று ஆகிவிட்டாள், மாத்திரை முடிந்தது, மாம்பலத்தில் நாலு வீட்டில் இரண்டை மறுபடி பிடித்துக்கொண்டாள். மிச்ச முட்டை தெருவில் இன்னும் இரண்டு இருமல்காரர்களுக்குப் போனது.

நோய் போய்விட்டது, இனி முட்டை எதற்கு, சேவல்களை வலியுல்லா கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று தங்கவேல் மறுபடியும் ஆரம்பித்தார். ஒரு காலை நேரம் வேலம்மா முக்காலியைக் கொண்டுவந்து கூடைக்கு எதிரே போட்டாள்.

"குந்து. பூட்ட பாத்த, சாம்பல பாத்த, அட்டைய பாத்த. அது போடறத ஒரு நாளாவது குந்திகினு பாத்தியா? பாத்துட்டு அப்பால சாக்கு எடு."

அவர் உட்கார்ந்தார். தெருவும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. டில்லிபாபு ஆட்டோவை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். பச்சைத் துணி கட்டிய சேவல் கூடையில் ஏறிச் சிறகைக் குலுக்கி அமர்ந்தது. தங்கவேல் குனிந்து, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, கண் சிமிட்டாமல் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது. கால் மணி நேரம் அப்படியே போனது. அப்புறம் அது பின்பக்கத்தைத் தூக்கி, முக்கி, ஈரமாக ஒரு பச்சை முட்டையைப் போட்டது. எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேரே கூவியது. தங்கவேல் முட்டையைக் கையில் எடுத்தார். சூடாக இருந்தது. ஈரம் விரலிலேயே காய்ந்தது.

"இப்ப இன்னா சொல்ற பெர்சு?" என்றான் டில்லிபாபு.

தங்கவேல் முட்டையை வேலம்மாவின் கையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். "புரை வுழுந்துகீது. கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வரேன்." அறுபத்தெட்டு வயசுவரை கண்ணைப் பற்றி ஒரு குறையும் சொன்னவரில்லை.

"போறது போற, வரசொல்ல வெங்காயம் வாங்கிகினு வா" என்றாள் வேலம்மா. முட்டையை உடைக்க உள்ளே போனாள்.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் இன்னொரு சேவல் கூவிற்று, யாரோ கிண்ணம் எடுத்து வரும் சத்தம் கேட்டது. பாலத்தில் ஏறும்போது எதிரே தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அந்தக் கோடியிலிருந்தே அதன் நம்பர் பதினெட்டு என்று பளிச்சென்று தெரிந்தது. அதையும் அவர் நம்பவில்லை.