கதாநாயகி இருமும் வரை

இஸ்திரிக்காரி திகில் கதை படித்த வாரங்களில் அந்தத் தெருவில் எல்லோரும் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டார்கள். அவள் எதைப் படிக்கிறாளோ அது சூடான இஸ்திரிப் பெட்டி வழியாகத் துணியில் இறங்கிவிடும். உடுத்தியவருக்கு அன்று பூராவும் அந்தக் கதையின் குணம்தான். காதல் கதை ஓடிய மாதத்தில் திருமணப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லை. துப்பறியும் கதையின்போது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கணவரின் பைகளையெல்லாம் துழாவி, ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்துபோனாள். இதற்காக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. துணி மூட்டையைக் கொடுக்கும்போதே "இப்ப என்ன படிக்கிற?" என்று கேட்டுக்கொள்வார்கள். போர்க்கதை என்றால் பல் மருத்துவர் மட்டும் மூட்டையைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார். கை நடுங்கக்கூடாத தொழில்.

அவள் படிக்கிற விதமே தனி. மேசை ஓரத்தில் கம்பியை வளைத்துப் புத்தகத்துக்கு ஒரு தாங்கி செய்து வைத்திருந்தாள். சட்டைக் கைக்கு ஒரு பக்கம், முதுகுக்கு இரண்டு பக்கம், காலருக்கு மட்டும் கண் துணியில். தண்ணீர் தெளிக்கிற கையாலேயே தாளைப் புரட்டுவதால் புத்தகங்கள் உப்பிப்போய், பழைய புத்தகக்காரர்கூட அவற்றைத் திரும்ப வாங்குவதில்லை. ஒரே ஒரு பலவீனம் அவளுக்கு. கதாநாயகி இருமத் தொடங்கினால் புத்தகத்தை மூடி மேல் தட்டில் போட்டுவிடுவாள். கதையில் யாரும் சும்மா இருமுவதில்லை என்பது அவளுடைய அனுபவம். "முடிவைப் படிச்சா நீயா சாகப்போற?" என்பான், வீடு வீடாகத் துணி கொடுத்து வரும் அவள் கணவன். "நான் மூடிட்டா அவ உயிரோட இருப்பாள்ல," என்பாள். அவன் அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான்.

கடிகாரம் பழுது பார்ப்பவரை அவள் அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவாள். அண்ணி இறந்துபோனபோது தன் கையால் மண் போட்டவர் அவர். ஆனாலும் மறுநாளிலிருந்து மாலை தவறாமல் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார், அண்ணி வேலையிலிருந்து வருகிற நேரத்துக்கு. கடைசிப் பேருந்து போனதும் வீட்டுக்கு நடப்பார். இப்படியே வருடங்கள் ஓடின. கடையில் அவர் கை சுத்தம், கணக்கு சுத்தம், பேச்சிலும் குறையில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. மனம் மரத்துவிட்டது என்றார்கள்.

ஒரு மழைநாளில் கணவன் நனைந்து வந்து சொன்னான்: "அண்ணன் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. கையில குடை இருக்கு, விரிக்க மாட்டேங்குறாரு. அது அண்ணிக்காம்."

அவள் கை பெட்டியோடு அப்படியே நின்றது. ஒரு தலையணை உறை கருகியது. அடக்கத்தன்று அவர் போட்டிருந்த சாம்பல் சட்டைக்குப் பெட்டி போட்டவள் அவள்தான். அன்றைக்குத் தாங்கியில் இருந்தது, ஒருவன் ரயில் நிலையத்தில் மனைவிக்காகக் காத்திருக்கும் கதை. ரயிலில் மனைவி இருமினாள். இவள் மூடிவிட்டாள். முடிந்த கதை ஒரு துவைப்பில் போய்விடும். பாதிக் கதை உடுத்தியவரை விட்டே போகாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மேல் தட்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். கணவனிடம் அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டே பெட்டி போட்டாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. பயந்தபடியே கதையில் அந்த மனைவி செத்துப்போனாள். செத்த பிறகும் கதை இரண்டு பக்கம் நீண்டது என்பதுதான் இஸ்திரிக்காரி எதிர்பாராதது. அவன் வீட்டுக்குப் போகிறான், ஜன்னலைத் திறக்கிறான், பசிக்கிறது என்று நினைக்கிறான். அதோடு முற்றும்.

மறுநாள் அந்தச் சட்டையோடு கடை திறந்தவர், யாருடைய கடிகாரத்தையோ பிரித்துக்கொண்டிருந்தபோதே அழத் தொடங்கினார். கண்ணில் பொருத்திய கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. வந்தவர்கள் பழுதைக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். மாலையில் பேருந்து வந்தது, போனது. அவர் நிறுத்தத்துக்குப் போகவில்லை. இஸ்திரிக்காரிக்குத்தான் அண்ணியை மறுபடி தானே கொன்றுவிட்டதுபோல் இருந்தது. சில நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

அவரே வந்தார், பெரிய மூட்டையோடு. "இதெல்லாம் அவ துணி, தங்கச்சி. பெட்டி போட்டு யாருக்காவது குடுத்துடு. பீரோவுல கிடந்து என்ன ஆகப்போகுது?"

அவள் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணி என்ன படிப்பாங்க அண்ணே?"

"சமையல் புத்தகம்தான். படுத்துக்கிட்டு வரி விடாம படிப்பா. ஒரு நாள் அடுப்புப் பக்கம் வந்ததில்ல. பொங்கிப் போட்டதெல்லாம் நான்," என்றவர் சிரித்தார். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்ததால் நடுவில் புரையேறியது.

பழைய புத்தகக்காரரிடம் இருந்ததிலேயே தடிமனான சமையல் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கம் வரை படித்து அத்தனை துணிக்கும் பெட்டி போட்டாள். ஊரில் பல பெண்கள் அவற்றை உடுத்தினார்கள். எல்லோருக்கும் நல்ல பசி எடுத்தது. சமைக்க மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தெருமுனை உணவகக்காரர் இன்னும் சில மேசைகள் வாங்கிப் போட்டார்.