பார்ப்பவர்: நிருபமா

நிருபமா கறார் பேர்வழி. அதை அவளே சொல்லிக்கொள்வாள்; மற்றவர்கள் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பகலில் ஒரு கம்பெனியில் வேலை. மீதி நேரத்தில், காலணா சம்பளமில்லாமல், யார் யாரோ எழுதி அனுப்பும் இலவச மென்பொருள் பேக்கேஜ்களைப் படித்துப் பார்த்து, பொதுத் தொகுப்பில் சேர்க்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், பயிற்சி மையங்கள் எல்லாம் அந்தத் தொகுப்பைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கின்றன. அதில் இல்லாததை அங்கே யாரும் தொடுவதில்லை. ஆகவே உள்ளே விடுகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இப்படிப் பார்க்கிறவர்கள் பெங்களூரில் ஒன்பது பேர். காத்திருந்த பேக்கேஜ்களோ நூற்று நாற்பது. மாதக்கணக்கில் தவம் கிடக்கிறோம் என்று அனுப்பினவர்கள் புகார்மேல் புகார். இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று போன மாதக் கூட்டத்தில் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தவள் நிருபமாதான்.

"யார் யார் பேரை மட்டும் போட்டுட்டு சும்மா உக்காந்திருக்காங்கன்னு லிஸ்ட் எடுக்கறேன்" என்றாள். சுதீரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். சுதீர் அப்படிப்பட்டவன், பேர் போடுவதில் முதல் ஆள்.

அவர்கள் வழக்கம் அது. புதிதாக ஒரு பேக்கேஜ் வந்தால், யாராவது ஒருவர் 'பார்ப்பவர்' என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். பெயர் விழுந்துவிட்டால் மற்றவர்கள் அதன் பக்கம் போவதில்லை. அதிலும் நிருபமா பெயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தன்று, சனிக்கிழமை காலை, காபியும் லேப்டாப்புமாக உட்கார்ந்து லிஸ்ட் எடுத்தாள். அதிக நாள் காத்திருப்பது மேலே வரும்படி வரிசைப்படுத்தினாள். முதல் வரி இப்படி இருந்தது: எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் பேக்கேஜ். அனுப்பியவர், முனிகிருஷ்ணன், பொம்மனஹள்ளி. காத்திருப்பு, முன்னூற்றுப் பத்து நாள். பார்ப்பவர்: நிருபமா.

காபி ஆறிப்போயிற்று.

எடுத்தது நினைவிருந்தது. எம்பிராய்டரி என்றதும், புதுசாக இருக்கிறதே என்று ஆசையாகப் பெயர் போட்டாள். அப்புறம் ஏதோ வேலை வந்தது. என்ன வேலை என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. காய்ச்சல், வீட்டில் கல்யாணம் என்று ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

அந்த ஆள் ஐந்து தடவை எழுதியிருந்தார். இந்த மாதிரிக் கடிதங்கள் தானாகப் போய் விழுவதற்கென்று மெயிலில் அவள் ஒரு தனிப் பெட்டி வைத்திருந்தாள். அதைத் திறந்து எத்தனையோ காலமாயிற்று. முதல் கடிதத்தில் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். கார்மெண்ட் ஃபேக்டரியில் மெஷின் மெக்கானிக். மனைவி யசோதா பெண்களுக்கான தையல் பயிற்சி மையத்தில் டீச்சர். அங்கே யாரோ தானமாகக் கொடுத்த இரண்டு பழைய எம்பிராய்டரி மெஷின்கள் துணி போர்த்தி நிற்கின்றன. அவற்றோடு வந்த சாஃப்ட்வேர் இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடாது. அதற்காகத்தான் இதை எழுதினேன், மேடம். அடுத்த மூன்று கடிதங்களிலும் ஒரே வரி: தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். கடைசிக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன் வந்தது. இந்த முறை தொகுப்பில் வராவிட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான் என்கிறார்கள், மையத்தில் ஜூன் மாதம் ஒரே தடவைதான் ஏற்றுவார்கள், தயவுசெய்து பாருங்கள்.

தொகுப்பில் புதிதாக எதையும் சேர்க்கக் கடைசி நேரம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி.

ஒரே ஒரு தட்டு. தட்டினால் பெயர் அந்தக் கட்டத்திலிருந்து போய்விடும். பழைய பதிவைத் தோண்டிப் பார்க்க யாருக்கு நேரம்? கை அதுவரை போனது. போனதை மறைப்பானேன், யார் கையும் போகும். ஆனால் 'தப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்ற வரி அவளை விடவில்லை. பெயரை அப்படியே விட்டு, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

லிங்கராஜபுரத்தில், ஒன்பது பேரில் ஒருவரான நோயல் வீட்டு மாடியில்தான் கூட்டம். ஆறு பேர் வந்திருந்தார்கள். பஃப்ஸ் தட்டு ஒரு சுற்று வந்ததும் லிஸ்டைப் புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் காட்டினாள். எல்லார் கண்ணும் முதல் வரியில் போய் நின்றது.

"நான் என் பேரைத் தேடிட்டிருக்கேன்" என்றான் சுதீர்.

"ஆறாவது வரில இருக்க. ஆனா மொதல்ல நான்" என்றாள் நிருபமா. "இனிமே ரூல் இது. பேர் போட்டுட்டு பதினாலு நாள் ஒரு வார்த்த எழுதலன்னா, பேர் தானா கழண்டுடும். வேற ஆளுக்குப் போகும். பழைய ஆள் திரும்ப எடுக்க முடியாது."

"உங்களுக்குமா?" என்றார் நோயல்.

"எனக்குத்தான் மொதல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்கே வீட்டுக்குப் போய், ராத்திரிக்குள் தானே பார்த்து முடித்துவிடலாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பிராயச்சித்தத்துக்கும் அவள் வாயாலேயே வழி அடைத்தாயிற்று. முறைப்படி பேக்கேஜ் ஃபாத்திமாவுக்குப் போனது. ஃபாத்திமா சேர்ந்து மூன்றே மாதம்.

ஃபாத்திமா செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டாள். இப்போது இருக்கும் வெர்ஷனில் வேறு யாரோ எழுதிய கோட் துண்டு ஒன்று சேர்ந்திருக்கிறது, அதற்கு இலவச லைசென்ஸ் கிடையாது, எடுத்தால்தான் சேர்க்க முடியும் என்று முனிகிருஷ்ணனுக்கு மரியாதையாக எழுதினாள். புதன் போனது, வியாழனும் போனது. பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிருபமா அரைநாள் லீவு போட்டு, பேக்கேஜோடு கொடுத்திருந்த நம்பருக்கு போன் செய்தாள்.

"நிருபமா மேடமா? நெஜமாவா? வீட்டுலதான் கீறேன், வாங்க மேடம்" என்றது குரல். கோபமாக இருக்கும் என்று நினைத்தவளுக்கு அதில் இருந்த பூரிப்பு சங்கடமாக இருந்தது.

பொம்மனஹள்ளியில் இறங்கி, சந்து சந்தாகப் புகுந்து, இரண்டாவது மாடி ஏறியபோது மணி மூன்று. முனிகிருஷ்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷின் மேஜைமேல் லேப்டாப். யசோதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஃபாத்திமாவுக்கு ஏன் பதில் போடல சார்?"

"முழுசா எழுதி முடிச்சிட்டுப் போடலாம்னு மேடம். மூணு நாளா லீவுல ஒக்காந்து எழுதிட்டிருக்கேன். ஆறு மணிக்குள்ள முடியுமான்னுதான் தெரில. இது எட்டாவது தபா."

"எட்டாவதா?"

அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக ஃபோல்டர்கள்.

"மொதல் தபா அனுப்பி ரெண்டு மாசம் பதில் இல்ல. சரி, கோட் அழகா இல்ல போலன்னு திருப்பி எழுதினேன். அப்பவும் இல்ல. வேகம் பத்தலியோன்னு மறுபடி எழுதினேன். நாலாவதுலதான், பெரிய ஆளுங்க எப்டி எழுதறாங்கன்னு பாத்து, இந்தத் துண்டச் சேத்தேன். மெக்கானிக் எழுதனதுன்னு தெரியக்கூடாது பாருங்க."

நிருபமா எட்டு ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் சும்மா இருந்தாள், அவ்வளவுதான். அந்தச் சும்மாவில் இந்த மனிதர் ஆறு தடவை தன் தப்பைத் தேடியிருக்கிறார்.

"மொதல்ல அனுப்புனதத் தொறங்க" என்றாள்.

நானூறு வரிக்கு மேல் இல்லை. முக்கால் மணி நேரம் படித்தாள். கறாராகவே படித்தாள், ஏதாவது குற்றம் கிடைக்காதா என்ற ஆசையோடுதான் படித்தாள். ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால்கூட அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் எழுதியது; வேண்டாத திருகாணி ஒன்றுகூட அதில் இல்லை.

தானே சேர்த்துவிட அவளுக்கு உரிமை கிடையாது. ஃபாத்திமாவுக்கு போன் செய்தாள்.

"ஃபாத்திமா, அவர் மொதல்ல அனுப்புனது பழைய பதிவுல இருக்கும். அதப் பாரு. எப்டி இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

"மீட்டிங்ல இருக்கேன்கா. நாலரைக்கு எடுக்கறேன்."

யசோதா டீ கொண்டுவந்தாள். ஜூனில் இருபத்திரண்டு பெண்கள் சேரப்போகிறார்கள் என்றாள். மணி ஐந்து ஆயிற்று. முனிகிருஷ்ணன் லேப்டாப்பை எத்தனையோ தடவை புதுப்பித்துப் பார்த்தார். ஐந்து இருபதுக்கு ஃபாத்திமாவின் வரி வந்து விழுந்தது: படித்தேன், ஓட்டிப் பார்த்தேன், குறை ஏதும் இல்லை, தொகுப்பில் சேர்த்தாயிற்று.

முனிகிருஷ்ணன் அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ மொதல்லயே சரியா இருந்துச்சா மேடம்?"

கூட்டத்தில் சொல்ல அவளிடம் எவ்வளவோ விளக்கம் இருந்தது. ஆள் பற்றாக்குறை, நூற்று நாற்பது பேக்கேஜ், புது ரூல். இங்கே அதில் எதையும் அவள் எடுக்கவில்லை.

"இருந்துச்சு. நான்தான் பாக்கவே இல்ல. என் தப்பு சார்."

அவர் திட்டியிருந்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவரோ சமையலறைப் பக்கம் திரும்பி, "யசோதா! கேட்டியாடி? மொதல் தபாவே சரியா எழுதிக்கீறேன்!" என்று கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று நிருபமாவுக்குத் தெரியவில்லை.

யசோதா வந்து டீ டம்ளர்களை எடுத்தாள். அவளும் சிரித்தாள்தான்.

"பத்து மாசமா ஒரு ஞாயித்துக்கெழமகூட இந்த மனுஷன் வெளிய வந்ததில்ல மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; கேட்டால் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.