சங்குக்கு வந்த புறாக்கள்

காட்டில் விட்ட புறாக்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று அழகன் கங்காணி வந்து சொன்னபோது, லியனார்ட் அண்ணன் சப்பாத்துக்கூடப் போடாமல் ஓடினார். நான் ஓடவில்லை. இரண்டு வருடமாக அந்தப் புறாக்களுக்குப் பின்னால் ஓடி ஓடிக் கால் ஓய்ந்திருந்தது. மெதுவாகத்தான் இறங்கிப் போனேன்.

எழுபத்து நான்காம் வருடம் அது. கொழும்பு மிருகக்காட்சிசாலையில் பறவைப் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை. லியனார்ட் அண்ணன் மூத்தவர், நான் குஞ்சு வளர்க்கும் அறையில் இருந்தவள். பொகவந்தலாவைக்கு மேலே, காட்டை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பாழாய்க் கிடந்த பங்களாவை வாங்கிக் கொடுத்து, சுற்றிலும் கம்பிக்கூடு கட்டி, எங்களை அனுப்பிவைத்தார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத காட்டுப்புறாவைப் பெருக்க வேண்டும். கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட சாம்பல் நிறப் புறா. தேயிலைக்காகக் காட்டை வெட்ட வெட்ட அதுவும் தேய்ந்துகொண்டே வந்தது.

லேசான வேலை இல்லை. அந்தப் புறா ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூண்டில் இட்டால் அதையும் மிதித்து உடைத்துவிடும். நாங்கள் முட்டையை எடுத்துச் சாதாரண வீட்டுப்புறாவின் அடியில் வைப்போம். அது பாவம், தன் முட்டை என்றே அடைகாக்கும். குஞ்சு கொஞ்சம் தேறியதும் ஊறவைத்த பயறை நான் கையால் ஊட்டுவேன். குளிரில் செத்தவை போக, ஆறு தேறின. அந்த ஆறையும் மேல்காட்டில் விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

களத்தில் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு புறாவும் அவர்களுடைய காலடியில், அவையும் பெரட்டுக்கு வந்தவை போல, நடந்துகொண்டிருந்தன. ஒரு பயமும் இல்லை. லியனார்ட் அண்ணன் சேற்றில் வெறுங்காலோடு நின்று என்னைப் பார்த்தார்.

"சங்கு, மார்கிரட்" என்றார். "சங்கு ஊதுனதும் வந்துருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். தோட்டம் முழுக்க எழுந்து வேலைக்குப் போகும். நாங்களும் அந்தச் சங்கு ஊதியதும்தான் புறாக்களுக்குத் தீனி வைத்தோம். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை. அவர் அட்டன் பக்கம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவர், நானும் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவள். சங்கு கேட்டால் கை தானாக வேலைக்குப் போகும். கொழும்புக்காரன் ஒருவன் இந்த வேலையில் இருந்திருந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து நினைத்த நேரத்துக்குத் தீனி வைத்திருப்பான். புறாக்களும் பிழைத்திருக்கும். நாங்கள் எங்கள் பிறவிப் பழக்கத்தை அதுகளுக்கும் பழக்கிவிட்டோம்.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய் லியனார்ட் அண்ணன் கெஞ்சினார். கொஞ்ச நாளைக்குச் சங்கை நிறுத்த முடியுமா என்று கேட்டார். தொரை சிரித்தார். புறாவுக்காகத் தோட்டத்தைத் தூங்கவிட முடியாது என்றார். அவர் சொன்னதும் ஒரு விதத்தில் நியாயம்தான்.

சங்கைவிட எங்களுக்குப் பெரிய பயம் பசி. அந்த வருடம் லயங்களில் இருந்த பசியை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மாவு இல்லை, அரிசி இல்லை, பாண் இல்லை. வேலை நாளையும் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுக்கீரையை அவித்துக் கொடுத்தார்கள். அந்தச் சனத்தின் காலடியில் கொழுத்த புறா ஆறு நடக்கிறது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஆனால் மறுநாள் லயத்திலிருந்து பேச்சியம்மா வந்தாள். கொழுந்துக் கூடையைச் சாக்கால் மூடிக்கொண்டு வந்தாள். திறந்தால் உள்ளே புறா, ஒரு இறகுகூடக் கலையாமல்.

"ஐயாவோட புறாங்க. நாய் தூக்கிரும்னு புடிச்சாந்தேன்" என்றாள். போகாமல் நின்றாள். பிறகு, "இதுக்குப் போடுற பயறுல கொஞ்சம் குடுப்பீங்களா?" என்றாள்.

லியனார்ட் அண்ணன் உள்ளே போய் ஒரு தகரப் பேணி நிறையப் பயறு அள்ளிக்கொண்டு வந்து அவளுடைய முந்தானையில் கொட்டினார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் சங்கு ஊதும், புறாக்கள் இறங்கும், பெண்கள் பிடித்துக்கொண்டு வருவார்கள், நாங்கள் பயறு கொடுப்போம். இன்றைக்கு எந்த வீடு, நாளைக்கு எந்த வீடு என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் லியனார்ட் அண்ணன் புறாக்களைக் கூடையில் போட்டு, இருமிக்கொண்டே மலை ஏறி, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். விடிந்தால் அதுகள் களத்தில் நிற்கும். கொழும்பிலிருந்து வாராவாரம் புறாவுக்கென்று பயறு மூட்டை வந்தது. மனுசருக்கு வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூட்டையை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. உதைத்து என்ன ஆகப் போகிறது? புறா எங்கள் கையில் இருக்கும் மட்டும்தான் மூட்டை வரும். புறா காட்டோடு போய்விட்டால் மூட்டையும் நின்றுவிடும்.

ஒரு காலையில் ஐந்துதான் இறங்கின. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சாம்பல் நிற இறகுகள் கிடந்தன. யார் என்று நாங்கள் கேட்கவில்லை. லியனார்ட் அண்ணன் இறகுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோபம் வருதாண்ணே?" என்றேன்.

"யார் மேல வரணும்?" என்றார். "முறை வர்ற வரைக்கும் ஒரு வீட்டால பொறுக்க முடியல. அவ்வளவுதான். ஆனா மிச்ச அஞ்சும் இப்படியே போயிரும் மார்கிரட். ரெண்டு வருசம் நாம செஞ்சது சட்டியிலதான் முடியும்."

அன்று பகல் முழுக்க அவர் வெளியே வரவில்லை. சாயங்காலம் வந்து சொன்னார்: "மனுசனைக் கண்டா பயப்படணும். சங்கு கேட்டா ஓடணும். நாளைக்குக் கல்லு எடுப்போம்."

மறுநாள் சங்கு ஊதியது. ஐந்தும் இறங்கின. நாங்கள் இருவரும் கையில் கல்லோடு நின்றோம். அதில் ஒன்று நேராகப் பறந்து வந்து லியனார்ட் அண்ணனின் காலடியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. குளிரில் விறைத்துப்போய், செத்துவிட்டது என்று நான் எடுத்து வைத்ததை, சட்டைக்குள் வைத்துச் சூடு கொடுத்து அவர் பிழைக்கவைத்த குஞ்சு அது. அவருடைய கை மேலே போனது, அப்படியே நின்றது. என்னால் முடியும் என்று நினைத்தேன். கை ஓங்கினேன். என்னாலும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. களமே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சியம்மா வரிசையை விட்டு வந்தாள்.

"ஏங்க ஐயா அடிக்கப் போறீங்க?"

"இதுங்க காட்டுக்குப் போகணும் பேச்சியம்மா. இங்க வந்தா பொழைக்காது" என்றார் லியனார்ட் அண்ணன்.

"காட்டுல இதுக்குத் திங்க இருக்குதுங்களா?"

"இருக்கு. தாராளமா இருக்கு."

அவள் புறாவைப் பார்த்தாள். அவளுடைய முகம் கடுத்தது. "தாராளமா இருக்குதாம்! அப்புறம் என்னத்துக்கு இந்தக் களத்துல எங்ககூட வந்து நிக்குது?"

"பேச்சியம்மா, இதுங்க போயிட்டா பயறும் நின்னுரும். அதையும் தெரிஞ்சுக்கங்க."

"தெரியும்ங்க." கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். அவளுடைய அண்ணன் குடும்பம் அந்த மாதம்தான், அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியாவுக்குக் கப்பலேறியது. அங்கே போய் ஒரு சேதியும் இல்லை. "எங்களுக்குத்தான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. போக எடம் இருக்குறது போகட்டும்ங்க."

எறிந்தாள். கல் புறாவின் இறக்கையில் பட்டது. அது சுருண்டு விழுந்து, எழுந்து, தடுமாறிப் பறந்தது. லியனார்ட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கல்லை வேறொருத்தி எடுத்தாள். பிறகு களம் முழுக்கக் கூச்சல், மண்கட்டி, தகரம் தட்டும் சத்தம். கணக்கப்பிள்ளைகூடத் தடியை ஆட்டிக்கொண்டு கத்தினார். முறை வராத வீட்டுப் பெண்களும் எறிந்தார்கள். அவர்கள் எறிந்ததை நினைத்துத்தான் என்னால் இன்னும் மனசை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த நாளும் வந்தன, கூரைமேல் உட்கார்ந்தன. மறுபடியும் கல். அதற்கடுத்த நாள் மரத்துக்கு மேலே வட்டமடித்துவிட்டுத் திரும்பின. பிறகு ஒரு நாள் சங்கு ஊதி ஓய்ந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை.

லியனார்ட் அண்ணன் காட்டுக்கு ஏறிப் போய்ச் சாயங்காலம் வந்தார். படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார்.

"அஞ்சும் இருக்கு. பழம் தின்னுட்டு இருக்கு. நான் வளத்தது என்னைக் கண்டு பறந்துருச்சு மார்கிரட். நான் கூப்பிடக் கூப்பிடப் பறந்துருச்சு." சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கொழும்புக்குச் சேதி சொன்னோம். பாராட்டு வந்தது. மூட்டை வரவில்லை. மிச்சம் இருந்ததை வீட்டுக்கு ஒரு கை என்று பங்கிட்டதில் அன்றைக்கே தீர்ந்துபோனது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தேன். லெட்சுமி நின்றிருந்தாள், கையில் காலிப் பேணியோடு. அவளுடைய வீட்டுக்கு முறை வரவே இல்லை. கல் எறிந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"இன்னைக்கும் வரலீங்களா மிஸ்?"

"வரல லெட்சுமி."

"நாளைக்கு வருங்களா?"

இரண்டு வருடம் நாங்கள் உழைத்தது அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லத்தான். நான் அதைச் சொன்னேன்.

"இல்ல லெட்சுமி. இனிமே வராது."